கைப்பட்டையும் சிவப்பு நம்பர் பிளேட்டும்

ஜமைக்காவின் மான்டிகோ பே விமான நிலையத்தில் ஊர் திரும்பக் காத்திருப்பவர்களின் மணிக்கட்டைப் பார்த்தாலே, அவர்கள் எந்த ஜமைக்காவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பெரிய ரிசார்ட்டுகளில் தங்கியவர்கள், நுழையும்போது கட்டிவிட்ட பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாடு, மது, படகு எல்லாவற்றுக்கும் அங்கே அந்தப் பட்டைதான் சீட்டு. எங்கள் வரிசையில் அப்படி ஒரு கனடா தம்பதி நின்றார்கள். ஒரு வாரமாக ரிசார்ட் வாசலைத் தாண்டாதவர்கள். “இவ்வளவு அன்பான ஜனங்களை நான் எங்கும் பார்த்ததில்லை” என்றார் அந்த அம்மாள். அதே மூச்சில், “வெளியே மட்டும் காலை வைத்துவிடாதீர்கள்” என்றும் சொன்னார். பக்கத்தில் முதுகுப்பையோடு நின்ற ஜெர்மன் இளைஞனுக்கு ஊர்ப் பெயரைச் சொன்னாலே எரிச்சல் வந்தது. கடற்கரைத் தெருவில் பத்தடிக்கு ஒருவர் வழிமறித்து டாக்ஸி வேண்டுமா, கஞ்சா வேண்டுமா என்று கேட்டதில் நொந்துபோயிருந்தான். அவனுக்குப் பின்னால், இங்கிலாந்தில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜமைக்காக்கார மூதாட்டி. தங்கை வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறார். இருட்டினால் கம்பிக் கதவுக்கு இரண்டு பூட்டு போடுவதையும், ஞாயிறு சர்ச் முடிந்து வந்தால் தெருவில் நாலு வீட்டிலிருந்து சாப்பாடு வருவதையும் அவர் ஒரே குரலில், ஒன்றுக்கொன்று முரண் என்ற நினைப்பே இல்லாமல் சொன்னார்.

மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. கரீபியன் தீவுகளுக்குப் போய்வந்தவர்களிடம் “ஜனங்க எப்படி? பயமில்லாமப் போகலாமா?” என்று கேட்டால் இப்படித்தான் எட்டுத் திசையிலும் பதில் வரும். ஒருவருக்குச் சொர்க்கம், இன்னொருவருக்கு எப்போது விமானம் ஏறுவோம் என்றிருந்த இடம். சொன்னவர் எந்த வாகனத்தில் வந்தார், எங்கே தங்கினார், பார்க்க எப்படி இருக்கிறார், ஆணா பெண்ணா, வாயைத் திறந்ததும் முதலில் என்ன சொன்னார் என்பதையெல்லாம் சேர்த்துக் கேட்டால்தான் அந்தப் பதிலுக்கு அர்த்தம் கிடைக்கிறது. நானும் என் கணவரும் ஜமைக்கா, பார்படாஸ், டிரினிடாட், குவாதலூப் என்று அலைந்ததில் எனக்கு மிக உறுதியாகப் பட்டது இதுதான்.

முதலில் ஆபத்தைப் பற்றி. அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஜமைக்காவின் மக்கள்தொகை சுமார் 28 லட்சம். 2022-இல் அங்கே 1,498 கொலைகள் நடந்தன. ஒரு லட்சம் பேருக்கு ஐம்பதுக்கும் மேல். அதே ஆண்டு இந்தியாவில் அது 2.1. பிறகு ஜமைக்காவில் எண்ணிக்கை வேகமாகக் குறைந்துவருகிறது என்றாலும், கேட்டதும் வயிற்றைப் பிசையும் கணக்குதான் இது. 2024 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் குடிமக்களுக்கு விடுத்த அறிவுரையில் ஜமைக்காவை, நான்கு படிகளில் மூன்றாவது படியில், ‘பயணத்தை மறுபரிசீலனை செய்யுங்கள்’ என்ற இடத்தில் வைத்திருந்தது.

ஆனால் அந்தக் கொலைகளில் சாகிறவர்கள் யார்? மான்டிகோ பே இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் மாவட்டத்தில் இரண்டு லட்சம் பேர்கூடக் கிடையாது. 2017-இல் அங்கே மட்டும் 300-க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். 2018 ஜனவரியில் நெருக்கடி நிலை அறிவித்து ராணுவத்தைச் சாலையில் நிறுத்தினார்கள். அதே 2018-இல் ஜமைக்காவுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். முந்தைய ஆண்டைவிட அதிகம். துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களைத் தாண்டி ரிசார்ட் பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. விமானம் தரையிறங்கும்போது ஜன்னல் வழியே தெரியும் தகரக் கூரைகளும், மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய வீடுகளும்தான் அந்தச் சாவுகள் விழுந்த இடங்கள். பயணி அங்கே போகவே மாட்டார். செத்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருக்களின் இளைஞர்கள்.

இதற்கு வேர் ஜமைக்கர்களின் சுபாவத்தில் இல்லை. 1962-இல் சுதந்திரம் வந்த பிறகு, தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளை இரண்டு பெரிய கட்சிகளும் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டன. எங்களுக்கு ஓட்டுப் போடுகிறவனுக்கு வீடு, வேலை, கூடவே துப்பாக்கி. ‘காரிஸன்’ என்று அங்கே அந்தக் குடியிருப்புகளைச் சொல்வார்கள். 1980 தேர்தல் ஆண்டில் 800 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் பாப் மார்லி ஒரு மேடையில் இரண்டு கட்சித் தலைவர்களின் கைகளையும் பிடித்துத் தூக்கிச் சேர்த்தார். பிறகு தென் அமெரிக்காவிலிருந்து வடக்கே போகும் போதைப்பொருளுக்கு இந்தத் தீவுகள் வழித்தடம் ஆயின. கட்சிக்காரனை நம்பியிருந்த ரவுடி சொந்தக் காலில் நின்றான். துப்பாக்கி எங்கிருந்து வருகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2018 முதல் 2022 வரை கரீபியன் நாடுகளில் பிடிபட்டு, எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்கப்பட்ட துப்பாக்கிகளில் 73 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று அந்த நாட்டு அரசின் தணிக்கை அலுவலகமே அறிக்கை கொடுத்திருக்கிறது. துப்பாக்கியும் அங்கிருந்தே, ‘போகாதீர்கள்’ என்ற எச்சரிக்கையும் அங்கிருந்தே. எனக்கு அதைப் படித்தபோது ஆத்திரமாகத்தான் இருந்தது.

கனடா அம்மாள் தாண்டாத அந்த வாசலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1970-களின் அரசியல் வன்முறையில் பயணிகள் வரத்து சரிந்தபோதுதான் ‘எல்லாம் உள்ளேயே’ என்ற ஏற்பாடு ஜமைக்காவில் சூடு பிடித்தது. 1978-இல் ஓச்சோ ரியோஸில் கப்பிள்ஸ், 1981-இல் மான்டிகோ பேயில் சாண்டல்ஸ் என்று ரிசார்ட்டுகள் திறந்தன. முன்கூட்டியே பணத்தைக் கட்டிவிடுங்கள், பர்ஸையே எடுக்க வேண்டாம், வெளியே போகவும் வேண்டாம். விடுமுறையோடு சேர்த்து நிம்மதியையும் விற்றார்கள். வியாபாரம் செழித்தது. பயம் தணிந்த பிறகும் சுவர் நின்றது. இன்றைக்குச் சுவரைப் பார்க்கிற பயணி, இவ்வளவு பெரிய சுவர் கட்டியிருக்கிறார்கள் என்றால் வெளியே என்னவோ இருக்கிறது என்று முடிவு கட்டுகிறார்.

வெளியே இருப்பது, உள்ளே வேலை செய்கிறவர்களின் அண்ணன் தம்பிகள். எங்களுக்கு அறை சுத்தம் செய்துகொடுத்த பெண்ணின் தம்பி, சாலையோரம் மரச் சிற்பம் விற்கிறார். உள்ளே அக்காவின் சிரிப்புக்கு மாதச் சம்பளம். வெளியே தம்பிக்கு, பயணி பஸ்ஸிலிருந்து இறங்கி கேட்டுக்குள் போகும் அந்த இரண்டு நிமிஷம்தான் கடை திறந்திருக்கும் நேரம். பயணி தின்பதும் குடிப்பதும் வாங்குவதும் சுவருக்குள்ளேயே முடிந்துவிட்டால், அந்த இரண்டு நிமிஷத்தில் தம்பி அவர் கையைப் பிடித்து இழுக்காமல் என்ன செய்வார்? ஜெர்மன் இளைஞன் ‘தொல்லை’ என்று சொன்னதும் கனடா அம்மாள் ‘அன்பு’ என்று சொன்னதும் ஒரே வீட்டு அடுப்பை எரிய வைக்கிற உழைப்பு. கடற்கரைக்கும் இதே கதைதான். 1956-இல் ஆங்கிலேயர் காலத்தில் வந்த கடற்கரைச் சட்டம், கரையோரத்தை அரசின் கையில் கொடுத்தது. ஜமைக்கர்களுக்குத் தங்கள் கடலில் இறங்கிக் குளிக்கப் பொது உரிமை என்று ஒன்று சட்டத்தில் இல்லை. தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்த கரையில் வேலி எழும்பி, காவலாளி உள்ளே விடாமல் நிறுத்தும்போது வருகிற முகச்சுளிப்பையும் சிலர் ‘ஜனங்கள் சரியில்லை’ என்ற கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

நாங்கள் மான்டிகோ பேயிலிருந்து நெக்ரில் போனது ரூட் டாக்ஸியில். நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரிதான்: குறிப்பிட்ட தடம், ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். சிவப்பு நம்பர் பிளேட் இருந்தால் உரிமம் பெற்ற வண்டி. அது இல்லாததில் ஏறாதீர்கள் என்று விடுதிக்கார அம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். “லூசி, லூசி” என்று கத்திக்கொண்டிருந்தவரிடம் போனோம். லூசியா என்ற எழுத்தோடு வரைபடத்தில் இருக்கும் ஊரை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அங்கே இறங்கி வண்டி மாற வேண்டும். பழைய டொயோட்டா ப்ரோபாக்ஸ். பின் சீட்டில் நாலு பேர். காக்கிச் சட்டை, காக்கிப் பேன்ட் போட்ட பள்ளிக்கூடப் பையன் ஒருவன் பாதி என் மடியிலும் பாதி கதவிலுமாக. ஏறுகிற ஒவ்வொருவரும் பொதுவாக “குட் மார்னிங்” என்றார்கள், உள்ளே இருந்த எல்லோரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். கடல் வலப்பக்கம் கூடவே வந்தது. ஓட்டுநர் வளைவிலும் வேகத்தைக் குறைக்கவில்லை. முன் சீட்டுப் பெண்மணி, “டிரைவர், என் புள்ளைங்க மூணு பேர் வீட்ல இருக்காங்க, கொஞ்சம் பார்த்து” என்றார். வேகம் குறைந்தது. லூசியாவில் இறங்கியதும் அதே பெண்மணி எங்களை அடுத்த வண்டி நிற்கும் இடம்வரை கூட்டிக்கொண்டு போய், ஓட்டுநரிடம் கட்டணம் எவ்வளவு என்று எங்கள் காதுபடக் கேட்டு, “இவங்ககிட்டயும் அதே காசுதான்” என்று சொல்லிவிட்டுத்தான் தன் வழி போனார். 2025 அக்டோபரில் மெலிசா புயல் அந்த மேற்குக் கரையைப் புரட்டிப்போடுவதற்கு முன்பு நான் பார்த்த சாலை அது. புயல் செய்தி வந்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்த அம்மாளின் மூன்று பிள்ளைகள்.

என் கணவருக்கு ஜமைக்கா முழுக்க அந்த டாக்ஸிதான். எனக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. அவரோடு நடந்தால் “பாஸ், எந்த ஊர்?” என்று அவரிடம் பேச்சு ஆரம்பிக்கும், கிரிக்கெட்டில் போய் முடியும். நான் தனியாக சிம் கார்டு வாங்க மான்டிகோ பேயின் சாம் ஷார்ப் சதுக்கத்துக்குப் போன அரை மணி நேரத்தில், உதட்டைக் குவித்து “ப்ஸ்ஸ்ட்” என்று கூப்பிடும் சத்தம் நாலாபுறமிருந்தும் வந்தது. யாரும் தொடவில்லை, வழிமறிக்கவில்லை. ஆனாலும் தோள் தானாக இறுகிக்கொண்டது. அறைக்கு வந்து சொன்னபோது, “நான் இருக்கிறப்ப ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே?” என்றார். “நீங்க இருக்கிறதாலதான் சொல்லல” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் சந்தைக்கு என்னைவிடப் பத்தடி பின்னால் தள்ளி நடந்து வந்தார். வந்ததும், “இதே தெருவா இது?” என்றார்.

அந்தச் சந்தையில் மாம்பழம் விற்ற அம்மாள் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். தெருவில் கடை போடும் பெண்களுக்கு அங்கே ஹிக்லர் என்று பெயர். ஜமைக்காவின் காய்கறி வியாபாரம் அடிமைக் காலத்திலிருந்தே அவர்கள் தோளில்தான் நடக்கிறது. அவர் ‘ஈஸ்ட் இந்தியன்’ என்ற ரகத்து மாம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். ‘பாம்பே’ என்று இன்னொரு ரகமும் கூடையில் இருந்தது. “தலையைக் குனிஞ்சுக்கிட்டு வேகமா நடக்காதே. பயந்தவள்னு தெரியும். நிமிர்ந்து ‘குட் ஆஃப்டர்நூன்’ சொல்லு. சொல்லிட்டு உன் பாட்டுக்கு நட” என்றார். செய்து பார்த்தேன். பாதிப் பேர் “ஆஃப்டர்நூன், மா” என்று மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். மீதிப் பாதி திருந்தவில்லை. ஒரு வணக்கம் எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்று எந்தப் பெண்ணுக்கும் நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த வணக்கம் இல்லாமல் இந்தத் தீவுகளில் ஒன்றும் நகராது என்பதை பார்படாஸில் கண்கூடாகப் பார்த்தேன். எங்கள் விடுதியில் இருந்த ஆங்கிலேயப் பெண்மணிக்கு பார்படாஸ்காரர்கள் எல்லோரும் சிடுசிடுப்பானவர்கள். மருந்துக் கடையில் அவருக்குப் பின்னால் நின்றபோது காரணம் தெரிந்தது. நேராகக் கவுன்டருக்குப் போய், “கொசு மருந்து எங்கே?” என்றார். கடைக்காரப் பெண் ஒரு கணம் நிறுத்தி, “குட் மார்னிங்” என்றார், அழுத்தமாக. அந்த அம்மாள் மறுபடியும் கொசு மருந்தையே கேட்டார். மூன்றாவது ஷெல்ஃப் என்று விரல் மட்டும் பதில் சொன்னது. அடுத்து வந்த பள்ளிக்கூடச் சிறுமி வாசலிலேயே குட் மார்னிங் சொன்னாள், அதே கடைக்காரப் பெண்ணின் முகம் மலர்ந்து, அவள் பாட்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதில் ஆரம்பித்தது பேச்சு. நாம் கடையில் நுழையும்போது வணக்கம் சொல்வதில்லை. “அண்ணே, அரைக் கிலோ சர்க்கரை” என்று உறவு சொல்லிக் கூப்பிடுவதிலேயே அந்த மரியாதை முடிந்துவிடுகிறது. அங்கே அதை வாய்விட்டு, தனியாக, முதலில் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் மனிதனை மனிதனாகக் கணக்கில் எடுக்காமல் வேலை ஏவிய மண் அது. 1834-இல் சட்டப்படி அடிமைமுறை ஒழிந்து, 1838-இல்தான் உண்மையில் விடுதலை கிடைத்தது. எதிரே நிற்பவரை முதலில் ஆளாக மதித்துவிட்டு அப்புறம் காரியத்தைக் கேள் என்று அந்தச் சமூகம் எதிர்பார்ப்பதில் எனக்கு முழு நியாயம் தெரிகிறது.

பார்படாஸில் கடற்கரை முழுவதும் பொதுச் சொத்து. எவ்வளவு பெரிய ஹோட்டலுக்கு முன்னாலும் ஊர்க் குழந்தைகள் குளிக்கிறார்கள், கிழவர்கள் காலையில் கழுத்தளவு நீரில் நின்று அரசியல் பேசுகிறார்கள். பயணியும் ஊர்க்காரரும் ஒரே அலையில் நிற்கும்போது பேச்சு தன்னால் வருகிறது. அந்தத் தீவு ‘நட்பான தீவு’ என்று பெயர் எடுத்ததில் இந்த மணலுக்கு நிறையப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். பிரிட்ஜ்டவுனிலிருந்து தெற்குக் கரையோரம் ஓடும் ‘இசட்-ஆர்’ வேன்களில் பாட்டுச் சத்தம் நெஞ்சை உலுக்கும். மூன்றரை பார்படாஸ் டாலர் கொடுத்து ஏறி, முழங்கால் இடிக்க உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை இரவு ஓய்ஸ்டின்ஸ் மீன் சந்தைக்குப் போய் வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டு நள்ளிரவில் திரும்பினோம். கூட வந்தவர்களில் பாதி ஊர்க் குடும்பங்கள். துளிப் பயம் தோன்றவில்லை. இத்தனைக்கும் மூன்று லட்சம் பேர்கூட இல்லாத அந்தத் தீவில் 2019-இல் கொலைகள் ஐம்பதை நெருங்கின. நம் நாட்டு விகிதத்தைவிடப் பல மடங்கு. எண்ணைப் பார்த்துப் பயந்திருந்தால் ஓய்ஸ்டின்ஸ் போயிருக்க மாட்டோம்.

டிரினிடாட்டில் நிலைமை நேர்மாறு. அங்கே எங்களை மிரட்டியவர்கள் உள்ளூர்க்காரர்களே. வீடுகளுக்கெல்லாம் ஜன்னல் கம்பி, உயர்ந்த கேட், நாய். “இருட்டினா வெளிய போகாதீங்க, பீத்தம் பக்கம் வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீங்க” என்று சந்தித்த ஒவ்வொருவரும் சொன்னார்கள். தலைநகருக்குள் நுழையும் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது அந்தக் குடியிருப்பு. 2024-இல் 624 கொலைகள், ஆண்டு முடிய ஒரு நாள் இருக்கும்போது நெருக்கடி நிலை. பயம் கற்பனை இல்லை. ஆனால் அந்த எச்சரிக்கைகளில் வேறொன்றும் கலந்திருந்தது. 1845-இல் ஃபதல் ரசாக் கப்பலில் தொடங்கி 1917 வரை 1,40,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாக, ஒரு பகுதி சென்னை வழியாக. இன்று அந்த நாட்டில் இந்திய வம்சாவளியினரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் ஏறக்குறைய சமம். சாகுவானஸ் பகுதியில் எங்களைப் பார்த்ததும் “நேரா இந்தியாவிலிருந்தா?” என்று கேட்டு, டபுள்ஸ் என்ற பலகாரம் விற்ற கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். அவரே, கறுப்பர்கள் இருக்கும் பகுதிக்குப் போகாதீர்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இளநீர் விற்ற கறுப்பின முதியவரோ, வழி கேட்ட எங்களோடு சவானா மைதானத்தைப் பாதி சுற்றி நடந்தே வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

நம்மவர்களைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 2024 ஜூன் 29 அன்று பார்படாஸில் இந்தியா டி20 உலகக் கோப்பையை வென்றதும், பெரில் புயலால் அணி அங்கேயே மாட்டிக்கொண்டதும் நமக்கு நன்றாகத் தெரியும். அதன் பிறகு “கரீபியன் போகலாமா?” என்று விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். பார்படாஸ், ஜமைக்கா, டிரினிடாட், டொமினிகா எல்லாம் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்விசா கேட்பதில்லை. போகிற வழியில் லண்டனோ அமெரிக்காவோ கேட்கும் விசாதான் தலைவலி. இவர்கள் கேட்கும் கேள்வியில் பாதி, கொஞ்சம் கிளறினால், கறுப்பு நிறத்தைப் பற்றியதாக இருக்கிறது. லாராவையும் ஹோல்டிங்கையும் கொண்டாடிய வீட்டில், “அந்த ஆளுங்களைப் பார்த்தாலே பயமா இருக்குமே” என்று கூசாமல் சொல்கிறார்கள். இந்தப் பயத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போகிறவர், தெருமுனையில் நிற்கும் நாலு பையன்களைப் பார்த்ததும் கைப்பையை இறுக்குவார். அந்தப் பையன்கள் அதைக் கவனிக்காமல் இருக்கமாட்டார்கள். அப்புறம் கிடைக்கிற முறைப்பை ஊருக்கு வந்து ‘நட்பில்லாத ஜனங்கள்’ என்று சொல்வார்.

குவாதலூப்பில் வேறு விதமான புகார் கேட்டோம். ஆங்கிலம் பேசும் தீவுகளிலிருந்து வருகிற பயணிகள், இங்கே பரிமாறுகிறவர்கள் சிரிப்பதே இல்லை என்கிறார்கள். உண்மைதான். 1946 முதல் அது பிரான்ஸின் ஒரு மாவட்டம். பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டப்படிக் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு, டிப்ஸை நம்பி அடுப்பு எரிவதில்லை. சிரிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவரின் முகம் அது. எனக்கு அந்த முகம் பிடித்திருந்தது. ‘போன்ஜூர்’ சொல்லி, திக்கித் திணறி இரண்டு வார்த்தை பிரெஞ்சு பேசினால் மெல்லத் திறந்தார்கள். கேப்பெஸ்டேர் பெல்-ஓவில் மாரியம்மன் கோயில் வாசலில் நின்ற முதியவருக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது, ஆனால் ‘மாலியேமன்’ என்று அம்மன் பேர் சொல்லிக் கைகூப்பினார். 1854 முதல் பாண்டிச்சேரி, காரைக்கால் முதலான துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய சுமார் 42,000 பேரின் வழிவந்தவர். அவர்களில் ஒருவரான எர்னஸ்ட் முத்துசாமி பிரெஞ்சு நாடாளுமன்றம்வரை போனார். எங்கள் முகத்தையும் என் பொட்டையும் பார்த்துவிட்டு அந்தப் பெரியவர் வீட்டுக்குள் அழைத்து உட்கார வைத்து, கொழும்பு என்று அவர்கள் சொல்கிற ஆட்டுக்கறிக் குழம்பை முன்னால் வைத்தார். அந்தத் தீவில் பயணிகள் எல்லோருக்கும் இது கிடைக்காது. எனக்குக் கிடைத்ததை வைத்து ‘குவாதலூப் ஜனங்கள் தங்கமானவர்கள்’ என்று நான் பொதுவில் எழுதினால் அது நேர்மையாகாது.

பாதுகாப்பு என்பது ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறும் என்பதற்குச் சட்டமே சாட்சி. ஜமைக்காவில் ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கும் 1864-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது. பார்படாஸில் 2022 டிசம்பரிலும் டொமினிகாவில் 2024 ஏப்ரலிலும் நீதிமன்றங்கள் அத்தகைய சட்டங்களை ரத்து செய்தன. டிரினிடாட்டில் 2018-இல் போனது 2025-இல் மேல்முறையீட்டில் திரும்பி வந்துவிட்டது. எங்கள் விடுதியில் தங்கிய இரண்டு ஆண்கள், ஊரார் அத்தனை பேரும் அன்பாக இருந்தபோதும், தங்களை அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொண்டே நாளைக் கழித்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த நட்பை என்ன கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் கொடுமை ஹெய்தியின் வடகரையில் இருக்கும் லபாடி. ராயல் கரீபியன் கப்பல் நிறுவனம் 1980-களிலிருந்து குத்தகைக்கு எடுத்து, வேலி போட்டுப் பிரித்த தீபகற்பம். கப்பலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இறங்கி, குளித்து, கறி சுட்டுத் தின்று, சாயங்காலம் கப்பலேறிவிடுவார்கள். நாட்டில் வன்முறை முற்றியபோது வருகையை நிறுத்தியும் வைத்தார்கள். 2024-இல் மட்டும் ஹெய்தியில் 5,600-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக ஐ.நா. சொல்கிறது. ‘ஹெய்தி போயிருக்கிறேன், மிகப் பாதுகாப்பான கடற்கரை’ என்று லபாடியில் இறங்கியவர் சொன்னால் அதுவும் அவர் கண்ட உண்மைதான். ஆன்டிகுவாவில் பிறந்த ஜமைக்கா கின்கெய்ட் என்ற எழுத்தாளர் 1988-இல் எழுதிய ‘எ ஸ்மால் ப்ளேஸ்’ என்ற சின்னப் புத்தகம், இப்படி வருகிற பயணியை முன்னிலையில் நிறுத்திக் கோபமாகப் பேசுகிறது. அந்தக் கோபம் சிலருக்குப் பிடிக்கவில்லை. லபாடியின் வேலியைப் பற்றிப் படித்த பிறகு எனக்கு அதில் ஒரு வரிகூட மிகையாகத் தெரியவில்லை.

லண்டனில் படிக்கும் என் அண்ணன் மகள், தோழியோடு பார்படாஸும் ஜமைக்காவும் போகப்போகிறாள். “அத்தை, பயமில்லாமப் போகலாமா?” என்று கேட்டாள். போ என்றேன். முதல் சில நாளுக்கு, வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்கிற விடுதியாகப் பார்த்துத் தங்கச் சொன்னேன். எந்தத் தெரு வேண்டாம், எத்தனை மணிக்கு மேல் வேண்டாம் என்று அவரிடம் கேள். பார்படாஸில் அவர் சொல்லும் பதிலும் கிங்ஸ்டனில் இன்னொருவர் சொல்லும் பதிலும் வேறாக இருக்கும், இரண்டையும் அப்படியே நம்பு. ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட பேன்ட்டை எடுத்துப் போகாதே, இரண்டு நாட்டிலும் அது சட்டப்படி குற்றம். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள். ஜமைக்காவில் இருட்டின பிறகு நடக்காதே, விடுதிக்காரருக்குத் தெரிந்த டாக்ஸிக்காரரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள். பகலில் ரூட் டாக்ஸியில் போ, நம்பர் பிளேட் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து ஏறு. அவளுடைய தோழி நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவள். அவளுக்கு அங்கே நடப்பது உனக்கு நடப்பதுபோல் இருக்காது, ராத்திரி அறைக்கு வந்ததும் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.